சர்க்காரைப் பார்க்க வந்த வேன்

அத்தியாயம் 9

ஆரத்தி எடுத்து, நெற்றியில் சிவப்பு இட்டு மருமகளை மாடிக்கு அனுப்பியது நேற்று சாயங்காலம்தான். அந்தத் தட்டைக்கூட இன்னும் யாரும் கழுவி வைக்கவில்லை. அதற்குள் சண்முகப்ரியா மறுபடியும் படுக்கையில் விழுகிற நிலைக்கு வந்துவிட்டாள். இந்தத் தடவை கொசுவின் மேல் பழிபோட முடியாது. எதிரே திறந்திருந்த மடிக்கணினிதான் காரணம்.

டெங்கு வந்து பத்து நாள் ஆஸ்பத்திரி, அப்புறம் நாசரேத்தில் அம்மா வீட்டில் பன்னிரண்டு நாள். காய்ச்சல் கண்ணையும் தொட்டுவிட்டதால் போன், டிவி, கணினி எதையும் பார்க்கக்கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். அம்மா போனைப் பிடுங்கி அரிசிப் பானைக்குள் போட்டு மூடினாள். ஆக, மூன்று வெள்ளிக்கிழமைகள் பிரியா எழுதவில்லை. ஆறு வருஷத்தில் ஒரு வெள்ளிகூடத் தவறாதவள்.

இந்த வாரம்தான் கதைக்குள் வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பிரியா ஒரு வலைப்பதிவு எழுதுகிறாள். பெயர், 'கடைக்கு மேல் வீடு'. முதல் வருஷம் அதை ஒன்பது பேர் படித்தார்கள். அதில் மூன்று பேர் கல்லூரித் தோழிகள், ஒருத்தி வேறு பெயரில் வந்த பிரியாவேதான். அப்படியும் விடவில்லை. வெள்ளி காலை ஆறு மணிக்கு, கீழே மாமனார் கடை ஷட்டரைத் தூக்கும் சத்தம் கேட்கும்போது பதிவு ஏறியிருக்கும். யார் என்ன எழுதிக் கேட்டாலும் அடுத்த வெள்ளிக்குள் பதில் போகும். விளம்பரம் கிடையாது. நடக்காததை நடந்ததாக எழுதுவது கிடையாது. இன்றைக்குப் பதினோராயிரம் பேர் படிக்கிறார்கள். தங்களுக்கு 'மாடிக்காரிகள்' என்று அவர்களே பெயர் வைத்துக்கொண்டு, ஒருத்தி பிள்ளைக்கு இன்னொருத்தி பெண் பார்க்கிற அளவுக்கு வந்துவிட்டார்கள்.

தன் பெயரை, ஊரை, கடையைப் பிரியா சொன்னதே இல்லை. துறைமுகத்தில் கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் வேலை பார்க்கும் புருஷன் முத்துக்குமரன் பதிவில் 'கப்பல்காரர்'. மாமனார் ராஜதுரை 'முதலாளி'. மாமியார் சீனித்தாய்க்கு அவள் வைத்த பெயர் 'சர்க்கார்'. சர்க்கார் என்ன சொன்னாள், யாரை அதட்டினாள் என்று தெரிந்துகொள்ளத்தான் பாதிப் பேர் வருகிறார்கள். வீட்டில் விஷயம் தெரிந்தது முத்துக்குமரனுக்கு மட்டும். மற்ற இருவரைப் பொறுத்தவரை அவள் கம்ப்யூட்டரில் சமையல் குறிப்பு எழுதுகிறவள்.

இப்படித்தான் பிரியா நேற்றுவரை நினைத்திருந்தாள்.

காலை ஒன்பது மணிக்கு, 'மன்னித்துக்கொள்ளுங்கள்' என்று தொடங்கலாம் என்று உட்கார்ந்தவள் கண்ணில் மூன்று புதுப் பதிவுகள் பட்டன. அவள் எழுதாத மூன்று பதிவுகள். முதலாவதன் தலைப்பு, 'கடை திறந்திருக்கிறது'.

"அன்பார்ந்த வாடிக்கையாளர்களுக்கு வணக்கம். இவ்விடம் வழக்கமாக எழுதும் என் மருமகள் காய்ச்சலில் இருப்பதால், அவள் வரும்வரை நான் பார்த்துக்கொள்கிறேன். சரக்கு முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். இப்படிக்கு, ஆ. ராஜதுரை, ராஜதுரை ஸ்டோர், கிட்டங்கித் தெரு, தூத்துக்குடி. எங்களுக்கு வேறு கிளைகள் கிடையாது."

பிரியா வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை.

இரண்டாம் வாரம், சீனி கலந்த கருப்பட்டியை எப்படிக் கண்டுபிடிப்பது என்று முழுநீளக் கட்டுரை. அதற்கு அறுநூறு பேர் பாராட்டு. மூன்றாவது பதிவை அவள் இரண்டு தடவை படித்தாள்.

"வரும் வெள்ளி என் மருமகள் கடைக்குத் திரும்புகிறாள். அன்று காலை பதினோரு மணிக்கு நேரில் வரும் வாடிக்கையாளர்களுக்குக் கால் கிலோ உடன்குடிக் கருப்பட்டி இனாம். என் மனைவியும் கடையில் இருப்பாள். அனைவரும் வருக."

அதற்கு அடியில் ஜாஸ்லின் என்ற வாசகி, "மணப்பாட்டிலிருந்து வேன் பேசியாச்சு. திருச்செந்தூர், ஆறுமுகநேரியில் ஏறுகிறவர்கள் சொல்லவும். சர்க்காருக்கு ஒரு பரிசும் உண்டு!" என்று எழுதியிருந்தாள்.

வரும் வெள்ளி என்றால் இன்றைக்கு.

உடம்பில் தெம்பு இல்லாவிட்டாலும் பிரியா உள்படிக்கட்டில் விழுந்தடித்துக்கொண்டு இறங்கினாள். கடையின் பின்னறையில் ராஜதுரை தரையில் உட்கார்ந்து, கருப்பட்டிகளைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தார். நாற்பது பொட்டலம் தயாராக இருந்தது.

"என்ன மாமா செஞ்சு வச்சிருக்கிய?"

"வாம்மா. உக்காரு, நிக்காத. கணக்கா பதினோரு பேருன்னாவ, நான் நாப்பது போட்டுட்டேன். வந்தவங்களை இல்லன்னு அனுப்பக் கூடாதுல்லா."

"உங்களுக்கு எப்படித் தெரியும்? யாரு சொன்னா?"

"நீதான் சொன்ன." ராஜதுரை சணலைக் கடித்து அறுத்தார். "அன்னைக்கு கார்ல கொண்டு போகும்போது காய்ச்சல் நூத்திநாலு. 'மாமா, இன்னைக்கு வெள்ளிக்கிழமை, பதினோராயிரம் பேரு காத்திருப்பாங்க'ன்னு பொலம்புத. எனக்கு நெஞ்சே அடைச்சுப் போச்சு. பதினோராயிரம் வாடிக்கை! கதவு பூட்டியிருந்தா என்னத்துக்கு ஆகும்? ரெண்டு தடவை வந்து பாப்பான், மூணாந்தடவை எதிர்த்த கடைக்குப் போயிருவான். முத்துக்குமரன்கிட்ட கேட்டேன். அவன்தான் கம்ப்யூட்டரைத் திறந்து காட்டினான். போனைப் பாத்துப் பேசினா அதுவே எழுதுது. நல்ல வசதி."

இந்தக் குடும்பத்தில் ஒருவர் படுத்தால் இன்னொருவர் கல்லாவில் உட்காருவார். அதற்கு யாரும் யாரிடமும் கேட்பதில்லை. ராஜதுரை தங்கச்சி கல்யாணத்தன்று தாலி கட்டி முடிந்ததும் அவர் நேரே வந்து கடை திறந்தவர். மருமகளுக்கு ஒரு கடை இருக்கிறது என்று தெரிந்ததும் அதையும் திறந்து வைத்துவிட்டார். பெயர்ப்பலகை இல்லாத கடையா என்று பலகையும் மாட்டிவிட்டார். மனுஷன் செய்ததில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

"பழசெல்லாம் படிச்சியளா மாமா?"

"கடைசி மூணு நாலு பாத்தேன். சரக்கு சுத்தம். என்னைய முதலாளின்னு போட்டிருக்க." அவர் முகத்தில் வெட்கம் கலந்த சந்தோஷம். "மத்ததை எங்க படிக்க, நேரம் வேணும்லா."

முன்னால் கல்லாவில் சீனித்தாய் உட்கார்ந்திருந்தாள். மூக்கில் கண்ணாடி, கையில் விரித்த செய்தித்தாள். நாற்பது வருஷமாகக் காலை ஒன்பது மணிக்கு அந்தக் கல்லாவில் இந்தக் காட்சிதான்.

"ஏளா, இன்னைக்கு என்ன போட்டிருக்கான்?" என்று ராஜதுரை உள்ளிருந்தே குரல் கொடுத்தார்.

"என்ன போடுவான், எல்லாம் வழக்கம்போலத்தான்."

"வெங்காயம் ஏறிட்டாம்லா?"

"ஆமாமா, ஏறிட்டு." சீனித்தாய் பக்கத்தைத் திருப்பினாள். மருமகளைப் பார்த்ததும் குரல் உயர்ந்தது. "ஏளா பிரியா, எதுக்கு எறங்கி வந்த? உன் சமையல் கூட்டாளிங்க வந்தா நான் பாத்துக்கிடுதேன். மேல போய்ப் படு."

பிரியா மாடி ஏறினாள். தொண்ணூற்றேழாவது பதிவு அவள் மண்டைக்குள் நின்றது.

அந்தப் பதிவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். நாலு வருஷத்துக்கு முன் ஒரு புதன்கிழமை. ராஜதுரை கருப்பட்டி எடுக்க உடன்குடி போயிருந்தார். தபால்காரர் கல்லாவில் ஒரு கார்டைக் கொடுத்துவிட்டுப் போனார். சாம்பல் நிறம், கறுப்பு எழுத்து. மூலையில் மஞ்சள் இல்லை, சாமி படம் இல்லை. பம்பாயில் அச்சடித்த புதுப்பாணிக் கல்யாணப் பத்திரிகை அது. பருப்பு வாங்க நின்ற இசக்கியப்பன் எட்டிப் பார்த்து, "யாரு மயினி, கருமாதிக் கார்டா?" என்று கேட்டார்.

சீனித்தாய் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, மேலிருந்து கீழாக நிதானமாகப் பார்த்தாள். "ஆமா, நமக்குத் தூரத்துச் சொந்தம்" என்றாள். கருமாதிக் கார்டை யாரும் வீட்டுக்குள் கொண்டுபோக மாட்டார்கள். நாலாகக் கிழித்து வாசலுக்கு வெளியே போட்டுவிட்டுக் கையைக் கழுவினாள்.

பால் வாங்கிவிட்டு வரும்போது வாசலில் நின்று இதையெல்லாம் பார்த்த பிரியா அந்தத் துண்டுகளை எடுத்து ஒட்டிப் பார்த்தாள். பேச்சிச்செல்வி மகனுக்குக் கல்யாணம், திருநெல்வேலியில், இன்னும் ஒன்பது நாளில். பேச்சிச்செல்வி என்றால் சீனித்தாயோடு ஒரே தெருவில் பிறந்து, ஒரே நாளில் காது குத்தி, கல்யாணம் ஆகிப் பம்பாய்க்குப் போன உயிர்க்கூட்டாளி. அந்த நிமிஷத்தில்தான் பிரியாவுக்குப் புரிந்தது. மாமியாருக்கு எழுத்துத் தெரியாது. எண் தெரியும், எடை தெரியும், பெயரைக் கோலம் போடுவதுபோலக் கையெழுத்தாகப் போடத் தெரியும். அவ்வளவுதான். "கண்ணு மங்கலா இருக்கு, இதை வாசி" என்று மருந்துச் சீட்டை நீட்டியதெல்லாம் மங்கல் இல்லை.

சொன்னால் சீனித்தாய் குன்றிப் போவாள். அதனால் நாளைக்குச் சொல்லலாம், பக்குவமாகச் சொல்லலாம் என்று பிரியா தள்ளிப்போட்டாள். ஒன்பது நாளும் ஓடிவிட்டது. மாமியாரிடம் சொல்லாததைப் பிரியா அந்த வெள்ளிக்கிழமை ஊருக்கெல்லாம் எழுதினாள். யார் வீட்டுக் கல்யாணம் என்பதை மட்டும் விட்டுவிட்டாள்.

உருகி உருகித்தான் எழுதினாள். அந்த ஒரு பதிவால்தான் முன்னூறு பேர் மூவாயிரம் ஆனார்கள். ஆயிரத்து நூற்று நாற்பது பேர் பதில் எழுதினார்கள். எல்லோருக்கும் பிரியா பதில் போட்டாள். "பிறகு அந்தக் கல்யாணத்துக்குப் போனீர்களா?" என்று ஒருத்தி கேட்டதற்கு மட்டும் இன்றுவரை பதில் இல்லை.

கல்யாணம் நடந்த சேதி பிறகு யார் மூலமோ சீனித்தாய் காதுக்கு வந்தது. "ஒண்ணா மண்ணா வளந்தவ. மகன் கல்யாணத்துக்கு ஒரு கார்டு போடத் தோணலையே அவளுக்கு. பம்பாய்ப் பவுசு" என்று அவள் சொல்லும்போதெல்லாம் பிரியா தலையைக் குனிந்துகொண்டு காய் நறுக்குவாள். பத்திரிகையில் இருந்த நம்பரை அன்றைக்கே போனில் ஏற்றி வைத்திருந்தாள். ஒருநாள் கூப்பிட்டுச் சொல்லிவிட வேண்டும் என்று. அந்த ஒருநாள் வரவே இல்லை.

பிரியா முத்துக்குமரனுக்குப் போன் போட்டாள். பின்னால் கண்டெய்னர் லாரிகளின் சத்தம்.

"அப்பா இப்படி அட்ரஸ் எல்லாம் போடுவாவன்னு எனக்கு எப்படித் தெரியும்? ஏதோ ரெண்டு வரி எழுதுதாவன்னு நெனச்சேன்."

"தொண்ணூத்தேழாவது பதிவு நெனப்பு இருக்கா உங்களுக்கு?"



"அழிச்சிரு" என்றான் முத்துக்குமரன். "இப்பவே அழிச்சிரு பிரியா."

அவள் அந்தப் பதிவைத் திறந்து, 'நீக்கு' என்ற இடத்துக்கு விரலைக் கொண்டுபோனாள். அதற்கு அடியில் ஆயிரத்து நூற்று நாற்பது பேர். என் அம்மாவும் இப்படித்தான், என் அத்தையும் இப்படித்தான் என்று அழுதவர்கள். இதை அழித்தால் அவர்களும் போவார்கள். ஆறு வருஷம் ஒவ்வொருத்தராகச் சேர்த்த கூட்டம். விரல் அந்த இடத்திலேயே நின்றது. ஏன் நின்றது என்று அவள் தன்னைத் தானே எத்தனை தடவை கேட்டாலும் நல்ல பதில் கிடைக்கப் போவதில்லை. மாமியார் மானத்தைவிட அந்த எண்ணிக்கை அவளுக்குப் பெரிதாக இருந்தது, அவ்வளவுதான்.

கீழே வேன் ஹாரன் கேட்டது. மணி பத்தே முக்கால்தான். அன்புள்ளவர்கள் சீக்கிரம் வந்துவிட்டார்கள்.

பிரியா இறங்கிப் போவதற்குள் கடை நிறைந்துவிட்டது. பதினோரு பெண்கள். ராஜதுரை கல்யாண வீட்டு வாசலில் நிற்பதுபோலக் கும்பிட்டுக்கொண்டு நின்றார்.

"நீங்கதானே முதலாளி? கருப்பட்டிக் கட்டுரை பிரமாதம் ஐயா!"

"வாங்க, வாங்க. எல்லாம் உங்க ஆதரவு."

"அக்கா!" பிரியாவைக் கண்டதும் இரண்டு பேர் ஓடி வந்து கட்டிக்கொண்டார்கள். முகம் பார்த்திராதவர்கள், ஆனால் அவள் கல்யாணம் முதல் பல்வலி வரை தெரிந்தவர்கள். "மெலிஞ்சுட்டீங்களே" என்று ஒருத்தி கண் கலங்கினாள். இன்னொரு நாளாக இருந்தால் பிரியாவும் அழுதிருப்பாள். இப்போது அவள் பார்வை கல்லாவை விட்டு அசையவில்லை.

"சர்க்கார் எங்க? இவங்கதானே சர்க்கார்?"

சீனித்தாய் செய்தித்தாளை மடித்தாள். "எந்த சர்க்கார்ம்மா?"

"நீங்கதான்! அக்கா உங்களை அப்படித்தான் எழுதுவாங்க. உங்க அதட்டலைப் படிக்கத்தான் நாங்க வெள்ளிக்கிழமை விடியுமான்னு இருப்போம்."

சீனித்தாய் மருமகளைப் பார்த்தாள். கண்ணில் ஆச்சரியம், உதட்டோரம் பெருமை. "சர்க்காரா? சமையல் குறிப்புல நான் எங்க வந்தேன்ளா?" என்று கேட்டுவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். கடையே சிரித்தது. கால் கிலோ பருப்புக்கு நின்ற இசக்கியப்பனும் சேர்ந்து சிரித்தார்.

அப்போது ஜாஸ்லின் முன்னால் வந்தாள். முப்பது வயது, தொடக்கப் பள்ளி டீச்சர், கண்ணில் கள்ளமே இல்லாத பெண். பையிலிருந்து ஒரு சிலேட்டு, ஒரு பெட்டி சிலேட்டுக்குச்சி, அட்டை போட்ட ஒன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம் மூன்றையும் எடுத்துச் சீனித்தாய் கையில் வைத்தாள்.

"அம்மா, உங்களுக்கு எழுத்துத் தெரியாதுன்னு அக்கா எழுதியிருந்ததைப் படிச்ச அன்னைக்கு எங்க வீட்டுல எல்லாரும் அழுதோம். எங்க அம்மையும் உங்களை மாதிரிதான். நான்தான் சொல்லிக் குடுத்தேன், இப்ப பைபிளைத் தானே வாசிக்கா. உங்களுக்கும் ஆறே மாசம் போதும்மா."



ராஜதுரை கையில் ஒரு பொட்டலத்தோடு அப்படியே நின்றார். இசக்கியப்பன் தராசைப் பார்த்தார், சீனித்தாயைப் பார்த்தார், பிறகு பார்க்க இடம் இல்லாமல் தன் செருப்பைப் பார்த்தார்.

"அதுவும் அந்தப் பத்திரிகை விஷயம் இருக்கே..." என்று ஆறுமுகநேரிப் பெண் ஒருத்தி தொடங்கினாள்.

"காப்பி ஆறிரும்! எல்லாரும் மேல வாங்க, காப்பி போட்டிருக்கேன்" என்று பிரியா கத்தினாள். காப்பி போடவே இல்லை.

சீனித்தாய் அந்தச் சிலேட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். சட்டத்தைத் தடவிப் பார்த்தாள்.

"நல்ல மரம். எங்கன வாங்கின தாயி?"

"திருச்செந்தூர்லம்மா."

"உங்க அம்மைக்கு என்ன வயசு?"

"அறுபத்திரண்டு."

"என் வயசுதான்" என்றாள் சீனித்தாய். அவ்வளவுதான் சொன்னாள். பிறகு எழுந்து, பதினோரு பேருக்கும் தன் கையாலேயே கருப்பட்டி கொடுத்தாள். ஒருத்தி கைக்குழந்தைக்குக் கற்கண்டு கொடுத்தாள். படம் எடுக்க வேண்டும் என்றார்கள், நடுவில் நின்றாள். வேன் தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்று கையாட்டினாள். வேனுக்குள் இருந்தவர்கள் மனம் நிறைந்துதான் போயிருப்பார்கள்.

உள்ளே திரும்பியதும் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. இசக்கியப்பன் பருப்பை வாங்காமலே நழுவிவிட்டார்.

"ஏளா..." ராஜதுரை கையிலிருந்த பொட்டலத்தை இறக்கி வைத்தார். "அந்தப் பிள்ளை சொல்லுதது நெசமா?"

"நெசந்தான்."

"நாப்பது வருசமா பேப்பர் பிடிச்சிருக்கியே. தெனம் நான் கேப்பனே, என்ன போட்டிருக்கான்னு."

"கேப்பிய. கேட்டுட்டு நீங்களே சொல்லிருவிய." சீனித்தாய் கண்ணாடியைக் கழற்றினாள். "நான் என்ன சொல்லுதேன்னு என்னைக்கு நின்னு கேட்டிருக்கிய?"

ராஜதுரை அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். மனைவியை முதல் தடவையாகப் பார்ப்பவர்போல அவர் பார்த்துக்கொண்டிருந்தது பிரியாவுக்குத் தாங்கவில்லை. நாற்பது வருஷம் ஒரே கூரையில் இருந்த மனுஷன். அவருக்குக்கூடத் தெரியாததை அவள் ஊருக்குச் சொல்லியிருக்கிறாள்.

சீனித்தாய் சிலேட்டையும் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள். பகலில், வியாபார நேரத்தில், அவள் கல்லாவை விட்டு எழுந்து போனதை அந்தத் தெரு பார்த்ததில்லை. பிரியா பின்னாலேயே போனாள்.

மடிக்கணினி திறந்தபடியே இருந்தது. சீனித்தாய் அதன் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அத்தை, என்னைய அடிச்சாக்கூட..."

"எத்தனை பேரு படிச்சிருக்காவ?"

பிரியா சொன்னாள்.

"பதினோராயிரம்." சீனித்தாய் அந்த எண்ணை மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். "எங்க அய்யா என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பல. தம்பியைத் தூக்கிக்கிட்டு இருக்கச் சொன்னாவ. கல்யாணம் பேசும்போது பொண்ணு அஞ்சு படிச்சிருக்குன்னு சொல்லிட்டாவ. அதைக் காப்பாத்தத்தான் இந்த வேசம். பழகிட்டு. நீ கண்டுபிடிச்சது தப்பில்லளா. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா? அவங்களுக்கெல்லாம் சொன்னியே."

பிரியா அழுதாள். ஆஸ்பத்திரியில் ஊசி குத்தும்போதுகூட அவள் இப்படி அழவில்லை.

"அழுகையை நிறுத்து. அந்த ஆறுமுகநேரிப் பிள்ளை ஏதோ பத்திரிகைன்னு ஆரம்பிச்சுது. நீ காப்பின்னு குறுக்க விழுந்த. அடுப்பே பத்த வைக்கலைன்னு எனக்குத் தெரியும்." சீனித்தாய் விரலால் திரையைத் தொட்டாள். "அதை எடு. வாசி."

பிரியாவுக்கு ஒரு நிமிஷம் புத்தி வேறு பக்கம் ஓடியது. எதை வாசித்தாலும் அத்தைக்குத் தெரியப் போவதில்லை. தொண்ணூற்றாறாவது பதிவு வாழைப்பூ வடையைப் பற்றியது. அதை வாசித்துவிடலாம். எதிரே உட்கார்ந்திருந்தவள், வேறு வழியே இல்லாமல் தன்னை நம்பிக்கொண்டு, முகத்தைத் திரைக்கு நேராக வைத்துக் காத்திருந்தாள்.

பிரியா தொண்ணூற்றேழைத் திறந்தாள்.

"எங்கள் வீட்டு வாசலில் இன்று ஒரு கல்யாணப் பத்திரிகை கிழிந்து கிடந்தது. அதைக் கிழித்தவர் சர்க்கார். கருமாதிக் கார்டு என்று நினைத்து..."

"நில்லு." சீனித்தாய் கையை உயர்த்தினாள். அவளுக்கு அந்தப் புதன்கிழமை ஞாபகம் வந்துவிட்டது என்று முகமே சொன்னது. "யாரு வீட்டுக் கல்யாணம்?"

"அத்தை..."

"யாரு வீட்டுக் கல்யாணம்னு கேக்கேன்."

"பேச்சிச்செல்வி அத்தை மகன் கல்யாணம்."

சீனித்தாய் மடியில் இருந்த சிலேட்டை இறுகப் பிடித்தாள். கீழே ராஜதுரை யாரிடமோ "இன்னைக்கு கடை இல்ல" என்று சொல்வதும், ஷட்டர் பாதி இறங்கும் சத்தமும் கேட்டன.

"அவ போடத்தான் செஞ்சிருக்கா" என்றாள் கடைசியில். "நாலு வருசமா அவளை நான் பேசாத பேச்சு இல்ல. நீ பக்கத்துல இருந்து கேட்டுக்கிட்டேதான இருந்த?"

பிரியா தலையை அசைத்தாள்.

"நம்பர் இருக்கா?"

"இருக்கு."

"போடு. அவ கால்ல விழுந்தாவது பேசுதேன். கோவிச்சுக்கிட்டா கோவிச்சுக்கிடட்டும். வஞ்சா வையட்டும். போடுளா."

நாலு வருஷம் போனுக்குள் கிடந்த நம்பரைப் பிரியா அழுத்தி, சத்தமாகக் கேட்கும்படி வைத்து, மாமியார் கையில் கொடுத்தாள். நாலைந்து மணி அடித்த பிறகு ஒரு ஆண்குரல் "ஹலோ" என்றது.

"யாருய்யா, பேச்சிச்செல்வி மகனா? நான் தூத்துக்குடியில இருந்து சீனித்தாய் பேசுதேன். அம்மாகிட்ட குடுய்யா."



"சீனித்தாய் அத்தையா? அத்தை... அம்மா தவறி ஒரு வருசம் ஆகப் போகுதே. அம்மா டைரியில உங்க அட்ரஸ்தான் முதல்ல இருந்தது. கருமாதிக்கு உங்களுக்குத்தான் முதல் கார்டு போட்டேன். கிடைக்கலையா அத்தை?"

சீனித்தாய் மருமகளை நிமிர்ந்து பார்த்தாள். போன வருஷம் தபால்காரர் கொடுத்த கார்டுகளில் எதை, எந்த நாளில், எத்தனையாகக் கிழித்தோம் என்று தேடுகிற பார்வை அது.

"கிடைச்சுதுய்யா" என்றாள். "வாசிச்சேன். வரத்தான் கொடுத்து வைக்கல."